மலரில் என் பெயர் இல்லை, மனசு ஆறவில்லை

கேள்வி: ஓய்வுநாள் பள்ளி டீச்சர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கோயிலில் 19 வருடமாக ஓய்வுநாள் பள்ளி, அதாவது பிள்ளைகளுக்கான ஞாயிறு வேத வகுப்பு நடத்துகிறேன்.

போன மாதம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு விழா மலர் அச்சிட்டார்கள். பந்தல் போட்டவர், மைக் செட் கொடுத்தவர், அசன விருந்துக்கு ஆடு கொடுத்தவர் எல்லார் பெயரும் அதில் உண்டு. ஓய்வுநாள் பள்ளிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நான் எடுத்த போட்டோ இருக்கிறது, என் பெயர் எங்கேயும் இல்லை. அசனப் பந்தியில் உட்கார்ந்துதான் புரட்டிப் பார்த்தேன். இலையில் சோறு போட்டுக் கறியும் ஊற்றிவிட்டார்கள். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மலரைத் தொகுத்த தம்பி என்னிடம் படித்தவன். ஆறு வயதில் அவனுக்கு 23ஆம் சங்கீதத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று வாரமாக அவன் ஸ்தோத்திரம் சொன்னால் காதில் விழாததுபோலப் போய்விடுகிறேன்.

இந்தக் கோபத்தைவிட வேறொன்றுதான் என்னைப் பயமுறுத்துகிறது. போன ஞாயிறு பாடம் லூக்கா 18, தன் நற்செயல்களைச் சொல்லி ஜெபித்த பரிசேயனும், பாவி என்று மன்றாடிய ஆயக்காரனும். "பரிசேயன் என்ன சொல்லி ஜெபித்தான்?" என்று கேட்டேன். "வாரத்துக்கு ரெண்டு தரம் உபவாசம் இருக்கேன்னு சொன்னான் டீச்சர்" என்றாள் ஒரு சின்னப் பெண். அந்த நிமிடமே எனக்குள், "19 வருடம், காய்ச்சலோடுகூட வந்திருக்கிறேன்" என்று ஓடியது. அந்தப் பரிசேயன் வைத்திருந்த கணக்கைத்தானே நானும் வைத்திருக்கிறேன்? சாட்சி சொல்லும்போதெல்லாம் "எல்லாம் தேவ கிருபை" என்று முடிப்பேன். அது வெறும் வாய்ப்பழக்கம்தானா? அப்படியென்றால் இந்த 19 வருடமும் வீணா? தாழ்மையைத் தாரும் என்று ஜெபித்தால், எழுந்திருக்கும்போது "இப்படி ஜெபிக்கிறேனே" என்று அதிலும் ஒரு திருப்தி வருகிறது. இதிலிருந்து எப்படி மீள்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மதுரை நர்ஸ்

அக்கா, உங்களுக்குப் பக்கத்தில்தானே டோனாவூர்? நான் ஒரு தடவை போயிருக்கிறேன். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1895ல் இந்தியாவுக்கு வந்தவர். 1931ல் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பிறகு 1951ல் இறக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். தனக்குக் கல்லறைக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் பெயர் கிடையாது, "அம்மா" என்ற ஒரு சொல் மட்டும்தான். நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

இன்னொன்று, என் வேலையில் கண்டது. பத்துப் பேருக்குச் செய்து பழகியவர்களுக்குத்தான் உடம்பைத் துடைத்துவிடக் கொடுப்பது கஷ்டம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாலு நாள் என்னைத் தொடவே விடவில்லை. ஐந்தாம் நாள் பேசாமல் கையை நீட்டினார். அன்றைக்கு எனக்கு இயேசுவின் சீஷர் பேதுரு ஞாபகம் வந்தார். கர்த்தருக்காக ஜீவனையே கொடுப்பேன் என்றவர், தன் காலைக் கழுவ மட்டும் கர்த்தரை விடமாட்டேன் என்றாரே! கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று கர்த்தர் சொன்ன பிறகுதான் காலைக் கொடுத்தார். கிருபையைச் சார்ந்திருப்பது என்றால் எனக்கு அந்த நீட்டிய கைதான் அக்கா. நாம் செய்வதைப் பற்றியே யோசிக்கிறோம். நமக்குச் செய்யப்படுவதை வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

பதில்: தூத்துக்குடிக்காரன்

ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. டீச்சர் பெயரை விட்டது தப்பு. அதைத் தப்பு என்று சொல்வது பெருமை ஆகாது. எங்கள் அம்மா மாதிரி எத்தனையோ பெண்களைத் "தாழ்மையாக இரு" என்று சொல்லியே வாயடைத்திருக்கிறார்கள். பிலிப்பி பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுலையும் அவர் கூட்டாளி சீலாவையும் அதிகாரிகள் விசாரிக்காமலே அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்றபோது பவுல் என்ன சொன்னார்? நாங்கள் ரோமக் குடிமக்கள், அந்த அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16). சிறையில் ராத்திரி பாட்டுப் பாடியவரும் அதே பவுல்தான். அந்தத் தம்பியிடம் நேராகக் கேளுங்கள் டீச்சர். மூன்று வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைவிட அது மேல்.

பதில்: ஓய்வுபெற்ற உபதேசியார் (சபை ஊழியர்)

மகளே, தூத்துக்குடித் தம்பி சொன்னது சரி. கேட்டுவிடு.

வீணா என்று கேட்டாயே, அதற்கு மட்டும் சொல்கிறேன். 1 கொரிந்தியர் 15ஐ எடுத்துப் பார். தன்னை அப்போஸ்தலரெல்லாரிலும் சிறியவன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே அவர்களெல்லாரையும்விட அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்கிறார் பவுல். பாடுபட்டதை அவர் மறைக்கவில்லை. "ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே" என்று முடிக்கிறார். உன் 19 வருடமும் நடந்தது உண்மைதான். காய்ச்சலோடு வந்ததும் உண்மைதான். அந்தக் காய்ச்சலில் உன்னை எழுப்பி நடக்கவைத்தது யார்? கணக்கை அழிக்க வேண்டாம் மகளே, அதன் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்.

பவுலும் ஒரே நாளில் அங்கே போய்ச் சேரவில்லை. கொரிந்தியருக்கு எழுதும்போது அப்போஸ்தலரில் சிறியவன், எபேசியருக்கு எழுதும்போது பரிசுத்தவான்களெல்லாரிலும் சிறியவன், தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாவிகளில் பிரதான பாவி. வயது ஏற ஏற இறங்கிக்கொண்டே போனார். வேதாகமம் முழுவதையும் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்த லூத்தர், 1546ல் சாவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு தாளில் எழுதிவைத்த கடைசி வரி என்ன தெரியுமா? "நாம் பிச்சைக்காரர்கள், அது உண்மை." அவ்வளவு எழுதிக் குவித்த மனுஷன்!

41 வருடம் உபதேசியாராக இருந்தேன். என் வீட்டம்மா இறந்த வாரம் எனக்கு ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எங்கள் சபையில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, நான் ஞானஸ்நான வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள், ஒரு வாரம் தினமும் சாயங்காலம் வந்து எனக்காக ஜெபித்துவிட்டுப் போனாள். ஆமென் மட்டும் நான் சொன்னேன். கிருபையைப் பற்றி நூறு பிரசங்கம் பண்ணியிருப்பேன். அந்த ஏழு சாயங்காலமும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அதில் எதுவும் சொல்லித்தரவில்லை.

ஜெபித்த பிறகு வருகிற திருப்தியைப் பார்த்துப் பயப்படாதே. அதையும் அப்படியே அவரிடம் சொல்லிவிடு. உன் தாழ்மையை நீயே நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த திருவிருந்தில் முழங்கால் போட்டு கையை நீட்டும்போது பார், அந்தக் கையில் நீ எதுவும் கொண்டுபோவதில்லை.

டீச்சர் மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதை வாசித்து அழுதுவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். "பெயர் விட்டுப்போனது எனக்கு வருத்தமாக இருந்தது, உன் ஸ்தோத்திரத்துக்குப் பதில் சொல்லாமல் போனேன், அது தப்பு" என்று சொன்னேன். அவனுக்கு முகமே வாடிவிட்டது. மலர் அச்சாகி வந்த அன்று ராத்திரிதான் கவனித்தானாம். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பயந்துகொண்டே இருந்திருக்கிறான். அவன் அம்மா காபி கொண்டுவந்தார். வேண்டாம் என்றுதான் வழக்கமாகச் சொல்வேன். நர்ஸ் தங்கச்சி சொன்னது ஞாபகம் வந்தது, வாங்கிக் குடித்தேன்.

கிளம்பும்போது, ஜெபம் பண்ணிவிட்டுப் போகட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அப்புறம், "நீ எனக்காக ஜெபம் பண்ணு தம்பி" என்றேன். ரொம்பக் கூச்சப்பட்டான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, வேறு எதுவும் வராமல், 23ஆம் சங்கீதத்தைச் சொன்னான்.