விசாவில் இருக்கிறோம், பிரிட்டன் தேர்தலில் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு

"வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, ஸ்கில்டு ஒர்க்கர் விசா. ஆபீஸில் எல்லோரும் தேர்தல் அறிக்கை, வரி, என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் ஏதாவது சம்பந்தம் உண்டா?" புதிதாக வந்தவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. சம்பந்தம் நிறைய உண்டு. முதலில், உங்களுக்கு ஓட்டே உண்டு.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். காமன்வெல்த் குடிமகன் ஒருவர் இங்கே தங்க முறையான அனுமதியோடு இருந்து, 18 வயதும் ஆகியிருந்தால், பிரிட்டிஷ் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வரும்வரை காத்திருக்க வேண்டாம், மாணவர் விசாவே போதும். பிரான்ஸ், ஜெர்மனி வழியாக வந்த ஈழத்து உறவுகள் மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்: இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்டு அந்த நாட்டுப் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருந்தால் பொதுத்தேர்தலில் ஓட்டுக் கிடையாது. நேற்று சென்னையிலிருந்து வந்த தம்பிக்கு உண்டு, பாரிஸில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த அண்ணருக்கு இல்லை.

பதிவு செய்தால் விசாவுக்கு ஏதும் ஆகுமோ என்று பயப்பட வேண்டாம். உங்கள் விசாவில் உள்ள "அரசு உதவித்தொகை பெறக்கூடாது" என்ற நிபந்தனைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் தொடர்பே இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால் கிரெடிட் ஸ்கோருக்கும் நல்லது.

சரி, ஓட்டு இருக்கிறது, அறிக்கைகளை எப்படிப் படிப்பது? தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தேர்தல் அறிக்கை என்றால் மிக்சி, கிரைண்டர், பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று கையில் வந்து சேருகிற விஷயங்கள்தான் நினைவுக்கு வரும். கொடுத்தார்களா இல்லையா என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். இங்கே வாக்குறுதிகள் வரி விகிதமாக, வாரத்துக்கு இத்தனை அப்பாயின்ட்மென்ட் என்ற கணக்காக, இத்தனை ஆசிரியர்கள் என்ற எண்ணிக்கையாக வருகின்றன. அதனால் கணக்குப் பார்க்காமல் இங்கே எதுவும் புரியாது.

2024 ஜூலை 4 தேர்தலையே எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்தில் பத்து நாளுக்குள் வரிசையாக அறிக்கைகள் வந்தன. லிபரல் டெமாக்ரட் 10-ஆம் தேதி, கன்சர்வேடிவ் 11-ஆம் தேதி சில்வர்ஸ்டோனில், கிரீன் 12, லேபர் 13-ஆம் தேதி மான்செஸ்டரில். ரிஃபார்ம் யுகே தன்னுடையதை "ஒப்பந்தம்" என்று சொல்லி 17-ஆம் தேதி வேல்ஸில் வெளியிட்டது. டோரிகள் (அப்போது ஆட்சியில் இருந்த கன்சர்வேடிவ் கட்சியினர்), சம்பளத்தின் மேல் ஊழியரும் முதலாளியும் தனித்தனியாகக் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸில் ஊழியர் பங்கை இன்னும் 2 சதவீதப் புள்ளி குறைப்போம் என்றார்கள். வரிக்குறைப்புகளின் மொத்த மதிப்பு வருஷத்துக்குச் சுமார் 17 பில்லியன் பவுண்ட். அதற்கான பணத்தில் 12 பில்லியன் சமூக நலச் செலவைக் குறைப்பதிலிருந்து வரும் என்றார்கள். லேபர் வாரத்துக்கு 40,000 கூடுதல் என்.எச்.எஸ். அப்பாயின்ட்மென்ட், 6,500 புதிய ஆசிரியர்கள், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வாட் வரி என்று போனது.

இந்த பில்லியன்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. பிரிட்டிஷ் அரசின் மொத்தச் செலவு அப்போது வருஷத்துக்குச் சுமார் 1,200 பில்லியன். லேபர் அறிக்கையில் இருந்த புதிய அன்றாடச் செலவு வாக்குறுதிகள் எல்லாம் சேர்ந்து 5 பில்லியன் அளவுதான். அரசு செலவழிக்கும் நூறு பவுண்டில் அரைப் பவுண்ட் கூட இல்லை. அந்த அரைப் பவுண்டைப் பற்றித்தான் ஆறு வாரம் விவாதம் நடந்தது. மீதி தொண்ணூற்றொன்பதரை பவுண்ட் என்ன ஆகும் என்று இரண்டு பெரிய கட்சிகளுமே பேசவில்லை. என்னைக் கேட்டால், அறிக்கையில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைத்தான் நாம் தேடிப் படிக்க வேண்டும்.

உதாரணமாக வருமான வரி வரம்புகள். வரியில்லாத வரம்பு 12,570 பவுண்ட், 40 சதவீத வரி தொடங்குவது 50,270 பவுண்ட் (ஸ்காட்லாந்தில் இது வேறு). 2021-லிருந்து இந்த இரண்டும் உறைந்து கிடக்கின்றன. விலைவாசியோடு சம்பளம் ஏறும்போது வரம்பு ஏறாவிட்டால், யாரும் வரியை உயர்த்தாமலே நீங்கள் கூடுதல் வரி கட்டுகிறீர்கள். ஐ.டி. வேலையிலும் ஆஸ்பத்திரியிலும் இருக்கும் நம்மவர்கள் பலர் இப்படித்தான் 40 சதவீதத்துக்குள் போகிறார்கள். 2028 வரை உறைய வைப்பதை 2024-ல் இரண்டு கட்சிகளும் ஏற்றுக்கொண்டன. மேடையில் யாரும் அதை உரக்கச் சொல்லவில்லை. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அது 2031 வரை நீட்டப்பட்டது. பே ஸ்லிப்பில் எல்லோரையும் தொடும் விஷயம் இது. மேடையில் கைதட்டு வாங்கிய பல வாக்குறுதிகளைவிடப் பெரியது.

அப்புறம் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். உழைக்கும் மக்களின் வரியை உயர்த்த மாட்டோம், அதனால் வருமான வரி விகிதங்கள், நேஷனல் இன்சூரன்ஸ், வாட் ஆகியவற்றை ஏற்ற மாட்டோம் என்று லேபர் எழுதியது. ஆட்சிக்கு வந்ததும் முந்தைய அரசு 22 பில்லியன் பவுண்ட் பற்றாக்குறையை விட்டுச் சென்றிருப்பதாக நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தார். 2024 அக்டோபர் 30 பட்ஜெட்டில் முதலாளிகள் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 13.8-லிருந்து 15 சதவீதமானது. அதைக் கட்டத் தொடங்கும் சம்பள வரம்பும் 9,100-லிருந்து 5,000 பவுண்டுக்கு இறங்கியது. ஊழியர் கட்டும் பங்கைத்தான் தொடமாட்டோம் என்றோம் என்றது அரசு. அறிக்கையில் அப்படிப் பிரித்து எழுதவில்லையே என்றார்கள் மற்றவர்கள். கடை, பெட்ரோல் பங்க், கேர் ஹோம் நடத்தும் நம்மவர்களுக்கு இது நேரடிச் செலவு. மிகச் சிறிய கடைகளுக்கு, முதலாளியின் நேஷனல் இன்சூரன்ஸில் கழித்துக்கொள்ளும் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸை 10,500 பவுண்டாக உயர்த்தியதில் ஓரளவு ஈடானது. இருபது பேரை வைத்துக் கேர் ஹோம் நடத்துபவருக்கு அந்தச் சலுகை போதவே போதாது.

அதே கட்சி ஓய்வூதியர்களின் குளிர்கால எரிபொருள் உதவியைப் பெரும்பாலோருக்கு நிறுத்தியது. அறிக்கையில் அந்தப் பேச்சே இல்லை. எதிர்ப்பு வந்து 2025-ல் பெருமளவு திருப்பிக் கொடுத்தார்கள். டோரிகள் மட்டும் சளைத்தவர்களா? நேஷனல் இன்சூரன்ஸை ஏற்ற மாட்டோம் என்று 2019-ல் எழுதிவிட்டு, 2021-ல் 1.25 புள்ளி ஏற்றுவதாக அறிவித்தார்கள். 2010-ல் கல்லூரிக் கட்டணம் உயர விடமாட்டோம் என்று லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். டோரிகளோடு சேர்ந்த கூட்டணி ஆட்சியில் அந்தக் கட்டணம் 9,000 பவுண்ட் வரை போனது.

விவாதங்களில் வீசப்படும் எண்களிலும் கவனம் வேண்டும். 2024 ஜூன் 4 தொலைக்காட்சி விவாதத்தில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக், லேபர் வந்தால் குடும்பத்துக்கு 2,000 பவுண்ட் வரி கூடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது நாலு வருஷத்துக்கான கூட்டுத்தொகை, அதாவது வருஷத்துக்கு 500. அதில் பல அனுமானங்கள் கட்சி ஆலோசகர்கள் கொடுத்தவை. கருவூலத்தின் தலைமை அதிகாரி, இதை அதிகாரிகள் போட்ட கணக்காகக் காட்டக்கூடாது என்று எழுதியிருந்தார். நாலு வருஷக் கணக்கு என்று கேட்பவருக்குத் தெரிய வழியில்லை என்று புள்ளிவிவரக் கண்காணிப்பு அமைப்பும் குறை சொன்னது. லேபரும் தன் பங்குக்கு, டோரிகள் நேஷனல் இன்சூரன்ஸை ஒழிக்கப் போவதாகவும் அதில் 46 பில்லியன் ஓட்டை விழும் என்றும் பேசியது. ஒழிப்பதற்கு டோரிகள் தேதி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே ஒரு எண்ணைக் கேட்டதும் இது ஒரு வருஷத்துக்கா மொத்தமாகவா, ஆளுக்கா வீட்டுக்கா, கணக்குப் போட்டது யார் என்று பாருங்கள்.

கட்சி சாராத கணக்கு வேண்டுமானால் ஐ.எஃப்.எஸ். என்ற நிதி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. எல்லா அறிக்கைகளும் வந்தபின் அலசி வெளியிடுவார்கள், அதை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். ஓ.பி.ஆர். என்ற அரசின் சுயேச்சைக் கணிப்பு அமைப்பு எதிர்க்கட்சி வாக்குறுதிகளுக்குக் கணக்குப் போடாது. அது பலருக்குத் தெரிவதில்லை.

நீங்கள் இருக்கும் ஊரையும் பாருங்கள். கிளாஸ்கோவிலோ கார்டிஃபிலோ இருந்தால் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் ஸ்காட்லாந்து, வேல்ஸ் அரசுகளின் கையில். அந்த 40,000 அப்பாயின்ட்மென்ட் இங்கிலாந்துக்கானது. மருந்துச்சீட்டுக்கு இங்கிலாந்தில் காசு, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இலவசம். தெருக்குழியும் குப்பையும் கவுன்சில் (உள்ளாட்சி) வேலை, அதற்குத் தேர்தல் தனி.

விசாவையும் பாருங்கள். வாரம் 30 மணி நேரம் இலவசக் குழந்தைப் பராமரிப்பு என்று எந்தக் கட்சி சொன்னாலும், கணவன் மனைவி இருவரும் உதவித்தொகைத் தடையுள்ள விசாவில் இருந்தால் அது கிடைக்காது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கான 15 மணி நேரம் எல்லோருக்கும் உண்டு. ஆபீஸில் யாராவது "வெளிநாட்டுக்காரர்கள் உதவித்தொகைக்காக வருகிறார்கள்" என்று சொன்னால் உங்கள் விசா நிபந்தனையை அமைதியாகச் சொல்லுங்கள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெரியவர் ஒருவருக்கு வருஷம் 1,035 பவுண்ட், பிள்ளைக்கு 776 பவுண்ட் என்று விசாவுக்காக ஹெல்த் சர்சார்ஜ் (என்.எச்.எஸ். கட்டணம்) கட்டுகிறோம் என்பதையும் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகளோடு மூன்று வருஷ விசாவில் வரும் குடும்பம் 10,866 பவுண்ட் முன்பணமாகக் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறது. ஹெல்த் அண்டு கேர் விசாக்காரர்களுக்கு மட்டும் இது கிடையாது.

குடியேற்றப் பக்கத்தை எந்த அறிக்கையிலும் முதலில் திறங்கள். 2024-ல் மாணவர்களுக்கான சர்சார்ஜ் சலுகையை எடுப்போம் என்று டோரி அறிக்கை சொன்னது. வெளிநாட்டு ஊழியரை வைத்தால் முதலாளிக்கு நேஷனல் இன்சூரன்ஸ் 20 சதவீதம் என்றது ரிஃபார்ம். லேபர் நிகரக் குடியேற்றத்தை (வருபவர்களிலிருந்து போகிறவர்களைக் கழித்த எண்ணிக்கை) குறைப்போம் என்று மட்டும் எழுதியது, எண் இல்லை. பிறகு 2025 ஜூலையில் ஸ்கில்டு ஒர்க்கர் பொதுச் சம்பள வரம்பு 38,700-லிருந்து 41,700 ஆனது, வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர்களை எடுப்பதும் நின்றது. எண் எழுதாத இடத்தில்தான் நம் வாழ்க்கை மாறியது.

வீட்டு வாசலுக்கு ஓட்டுக் கேட்க வருவார்கள். யாருக்குப் போடுவீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் கேள்வி கேட்கலாம். கோவிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் வேட்பாளர்கள் வருவது நல்ல விஷயம். 2024-ல் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்டு போ தொகுதியில் தமிழரான உமா குமரன் ஜெயித்து நாடாளுமன்றம் போனது நம் எல்லோருக்கும் பெருமை. ஆனால் மாலை போட்டு, பொங்கல் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். இலங்கைப் பிரச்சினை பற்றிக் கேட்கும் அதே மூச்சில், இந்தச் செலவுக்கு எந்த வரி, எங்கள் விசாவுக்கு என்ன திட்டம் என்றும் கேளுங்கள். தமிழர் வேட்பாளரானாலும் கேளுங்கள்.

தொகுதியில் அதிக ஓட்டு வாங்குபவர் ஜெயிக்கிற முறை என்பதால், ஓட்டு விகிதமும் இடங்களும் இங்கே ஒன்றோடொன்று பொருந்தாது. லேபர் 34 சதவீத ஓட்டில் 650-ல் 411 இடம் பிடித்தது, ரிஃபார்ம் 14 சதவீதத்தில் ஐந்தே இடம். எனவே உங்கள் தொகுதியில் போட்டி யாருக்குள் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக நடைமுறை. அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் வர வேண்டும், எப்போது என்று பிரதமர்தான் சொல்வார். 2024-ல் அறிவிப்புக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஆறே வாரம். அரசு இணையதளத்தில் ஐந்து நிமிடத்தில் பதிவு செய்யலாம், நேஷனல் இன்சூரன்ஸ் எண் இன்னும் வரவில்லை என்றாலும் காரணம் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஓட்டு நாளுக்கு 12 வேலை நாள் முன்பு பதிவு மூடிவிடும். வாக்குச்சாவடி காலை 7 முதல் இரவு 10 வரை. அன்று விடுமுறை கிடையாது, விரலில் மையும் கிடையாது. புகைப்பட அடையாளம் கட்டாயம், உங்கள் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டே செல்லும். போனில் இருக்கும் இ-விசாவைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் பிராக்ஸி ஓட்டுக்கு (உங்களுக்காக வேறொருவர் போடுவது) எழுதிக் கொடுங்கள், தபால் ஓட்டு மதுரை போய்த் திரும்பி வரும் என்று நம்ப முடியாது. வாடகை வீடு மாறும் ஒவ்வொரு முறையும் புது முகவரியில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். கவுன்சில் டாக்ஸில் பெயர் மாற்றினால் வாக்காளர் பட்டியலிலும் தானாக மாறிவிடும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.