வீட்டுக்கு வந்த கைவேலை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பத்தான்:
கண்காட்சியில் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் கைவேலையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. வாடகை வீட்டில் குடியிருப்பவன் கைக்கு வந்து சேர்வதைப் பற்றிப் பேசலாமே. நானே ஆரம்பிக்கிறேன்.

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின சாயங்காலம் கடலூர்க் கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது. எருக்கம்பூ மாலை, அருகம்புல், கலர் காகிதக் குடை, நடுவே சாக்கு விரித்து அச்சுப் பிள்ளையார். நான் போன வருஷம் வாங்கியது ஒரு பாட்டியிடம். பிசைந்த களிமண்ணை அச்சுக்குள் அடித்து, பெருவிரலால் மூலைக்கு மூலை அழுத்தி, மிச்சத்தை வழித்தெடுத்தார். பலகையில் ஒரு தட்டு, பிள்ளையார் வெளியே. துதிக்கை நுனி கொஞ்சம் மழுங்கியிருந்தது. ஈர விரலால் ஓர் இழுப்பு இழுத்தார், சரியாகிவிட்டது. அப்புறம் இரண்டு குண்டுமணி. கறுப்புப் புள்ளி நேராகப் பார்க்கும்படி திருப்பித் திருப்பிப் பதித்தார். மொத்த வேலையில் அதற்குத்தான் அதிக நேரம். பின்னால் நிற்பவர்கள் கத்துகிறார்கள், பாட்டி அசையவில்லை. "மாறுகண்ணு புள்ளையாரையா வூட்டுக்கு எடுத்துட்டுப் போவ, தம்பி?"

மூன்றாம் நாள் தேவனாம்பட்டினம் கடலில் கரைத்தோம். இந்த வருஷம் மறுபடி வாங்கித்தானே ஆக வேண்டும்? என் கணக்கு இதுதான்: காலண்டரில் தேதி இருக்கிற கைவேலை பிழைத்துக்கொள்கிறது. கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் பானை, நவராத்திரிக்குப் பொம்மை. தேதி சொல்லாமல் வருகிற சாவுக்கும் கொள்ளிக்குடம் வேண்டும். யாரும் ரசித்து வாங்குவதில்லை, ஆனால் வாங்காமலும் இருக்க முடியாது.

வில்லியனூர் மருமகள்:
அண்ணா, எனக்குப் பிறந்த வீடு பண்ருட்டி, புகுந்த வீடு வில்லியனூர். இரண்டுமே பொம்மைக்குப் பேர்போன ஊர். வில்லியனூர் சுடுமண்ணுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் என் மாமியாருக்கு மண் என்றால் மீன்குழம்புச் சட்டி மட்டும்தான்!

நான் சொல்ல வந்தது கொலுப் பொம்மை கதை. அம்மா கொடுத்த செட்டியார் பொம்மை, காகிதக்கூழ், மூக்கு உடைந்துபோய்விட்டது. புதுசு வாங்கலாம் என்று புதுச்சேரியில் பொம்மை விற்கிற குசப்பாளையம் போனேன். விற்கிறவரோ பழசை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பண்ருட்டி அச்சும்மா. இந்த அச்சு இப்ப கெடைக்காது, வெச்சுட்டுப் போங்க" என்றார். அவராகவே வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று நினைத்தேன். வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டேன். உடைந்த இடத்தை நனைத்து, கொஞ்சம் கூழை ஒட்டி, குச்சியால் மூக்கைக் கிள்ளி எடுத்தார். காய வேண்டும் என்பதால் அடுத்த வாரம் வரச் சொன்னார். போனபோது உப்புத்தாள் போட்டு, வெள்ளை பூசி வைத்திருந்தார். கஷ்டம் நிறத்தில்தான் வந்தது. புதுப் பெயிண்டில் மூக்கு மட்டும் பளபளவென்று தெரியும் அல்லவா? துளி காவி, துளி கறுப்பு என்று கலந்து கலந்து, தன் புறங்கையில் தடவிப் பார்த்தார். அவர் கை முழுக்கச் செட்டியார் நிறம். இப்போது எந்த இடம் உடைந்தது என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

வாங்கிய கூலியைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு முழம் பூ விலைகூட இல்லை.

குறிஞ்சிப்பாடி கைலி:
தேதிக் கணக்கு சரியாக இருக்கலாம், எங்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கைலிக்கு ஏது பண்டிகை? தினமும் இடுப்பில் இருக்கிற துணி அது. எங்கள் வீட்டில் அப்பா காலத்துக் குழித்தறி, அதாவது குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற தறி, இருந்தது. கட்டம் போட்ட கைலி என்றால் நூலுக்கே சாயம் ஏற்றி, பாவில் (நீளவாட்டு நூலில்) எத்தனை இழை எந்த நிறம் என்று எண்ணி ஓட்டி, ஊடையிலும் (குறுக்கு நூலிலும்) அதே எண்ணிக்கையில் நெய்ய வேண்டும். ஓர் இழை தப்பினால் கட்டம் சதுரமாக வராது. உள்பக்கம், வெளிப்பக்கம் ஒரே நிறம். அச்சுப் போட்ட கைலியைத் திருப்பிப் பாருங்கள், வெளுத்திருக்கும்.

1985ஆம் வருஷச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கிய 11 வகைகளில் லுங்கியும் உண்டு. கடைக்குப் போய் எது கைத்தறி, எது விசைத்தறி என்று கேளுங்கள். என்னிடம் ஒரு கடைக்காரர் சொன்ன பதில்: "கைலியில என்ன சார் கைத்தறி, கட்டிட்டுத் தூங்கத்தானே?"

லாஸ்பேட்டை இரண்டாம் மாடி:
மஞ்சக்குப்பத்தானுக்கு ஒரு எதிர்க்கட்சி: கோலம். மார்கழிக்கு முப்பது நாளும் தேதிதான். எங்கள் அடுக்ககத்தில் முப்பது நாளும் ஸ்டிக்கர்தான்! கதவுக்கு வெளியே இருப்பது வழுவழுப்பான டைல்ஸ், மாவு நிற்பதில்லை. நின்றாலும் செருப்பு மிதித்துப் படியெல்லாம் வெள்ளை, செயலாளர் சத்தம் போடுகிறார். தேதி இருந்தால் மட்டும் போதாது, வாசலும் வேண்டும். என் பெண் மொட்டை மாடியில் போய்ச் சிக்குக் கோலம் போடுகிறாள். காக்காயைத் தவிர யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால், "அது போதும்" என்கிறாள்.

மஞ்சக்குப்பத்தான்:
ஒத்துக்கொள்கிறேன், வாசலைக் கணக்கில் சேர்த்துவிடுகிறேன். கைலிக்காரரே, கைத்தறி கைலி நேராக எங்கே வாங்கலாம்? தீபாவளிக்கு வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் அதையே எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

குறிஞ்சிப்பாடி கைலி:
நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். தள்ளுபடி நாளில் போனால் இன்னும் நல்லது. பார்த்தீர்களா, கடைசியில் கைலிக்கும் தேதி பார்க்க வைத்துவிட்டீர்கள்.

லாஸ்பேட்டை இரண்டாம் மாடி:
வில்லியனூர் அக்கா, பொங்கலுக்கு மண்பானை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? போன தடவை அடியில் கசிந்து அடுப்பே அணைந்துவிட்டது.

வில்லியனூர் மருமகள்:
சுண்டிப் பாருங்க, கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் கீறல், எடுக்காதீங்க. வாங்கியதும் ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, அரிசி கழுவின தண்ணீரை ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்க விடுங்க. மொட்டை மாடிக் கோலத்தை ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுங்க உங்க பெண்ணை.