6ஜி வெல்டிங் ட்ரெய்னிங், வாத்தியார் பாதில கிளம்பிட்டா என்ன பண்றது?

வணக்கம் நண்பர்களே, திருச்சி துவாக்குடி பக்கம் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட்ல சூப்பர்வைசரா இருக்கேன். எங்க பசங்க ரெண்டு பேர 6ஜி பைப் வெல்டிங் ட்ரெய்னிங் அனுப்பலாம்னு முதலாளிகிட்ட கேட்டேன், ஆளுக்கு 35,000 ப்ளஸ் ஜிஎஸ்டி, மொத்தமும் முன்னாடியே கட்டணுமாம். பிரச்சனை என்னன்னா அங்க சொல்லிக்குடுக்குறது ஒரே ஒரு அண்ணன்தான், கத்தார்ல இருந்துட்டு வந்தவரு, மறுபடி விசா வருதுன்னு பேச்சு அடிபடுது. அவர் ஃப்ளைட் ஏறிட்டா வேற யாரையாவது நிக்க வச்சு ஒப்பேத்திடுவாங்கன்னு முதலாளி பயப்படுறாரு, அதுவும் நியாயம்தான்.

ஏன்னா இது நோட்ஸ் பாத்து படிக்கிற விஷயம் இல்ல. 6ஜில பைப் 45 டிகிரி சாய்வுல அசையாம நிக்கும், திருப்ப முடியாது, நாமதான் அடில இருந்து சுத்தி மேல வரணும், ரூட் பாஸ்ல, அதாவது அடியில போடுற முதல் லேயர்ல, கீஹோல்ங்கிற சின்ன ஓட்டை மூடிக்கிச்சுன்னா எக்ஸ்ரே ஃபிலிம் காட்டிக்குடுத்துடும். பக்கத்துல நின்னு "கைய லூஸ் பண்ணுடா, ராட உள்ள தள்ளு"ன்னு சொல்ற ஆள் வேணும். சர்டிஃபிகேட்டுக்காக அனுப்பல, வெல்டர் தகுதிக்கான அமெரிக்க கோடு ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9 படி எப்படியும் நம்ம கம்பெனிதான் டெஸ்ட் வச்சு குவாலிஃபை பண்ணணும்.

நான் நினைச்சது, ரூட் பாஸ் ஒழுங்கா வந்ததும் பாதி பணம், ஃபிலிம் கிளியர் ஆனா மீதி. இதுக்கு ஒத்துக்குவாங்களா? இப்படி எழுதி வாங்கினவங்க யாராச்சும் இருந்தா வாசகம் எப்படி போட்டீங்கன்னு சொல்லுங்க. பெல் டபிள்யூஆர்ஐக்கு (வெல்டிங் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்) ஆள் அனுப்பினவங்களும் அனுபவத்த சொல்லுங்க, திங்கக்கிழமை முதலாளிகிட்ட பேசணும்.