ஆர்மாமலைச் சுற்றோட்டம்: சில அனுபவங்கள்

ஆம்பூரிலிருந்து:

மலையாம்பட்டு என்ற ஊரை ஒட்டி நிற்கும் ஆர்மாமலையில் ஏறி, ஓவியக் குகையைக் கடந்து, மறுசரிவில் இறங்கி, நிலக்கடலைக் கொல்லைகளின் வரப்பு வழியாக ஊருக்குத் திரும்பும் பாதையில் ஓட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொலைவைப் பார்த்தால் எளிய ஓட்டம் போலத் தெரியும். ஆனால் ஏற்றம் தொடங்கியதும் ஆட்டுத்தடம் சூரைமுள் புதர்களுக்குள் நுழைந்துவிடும். அதன்பின் வெறும் பாறை. வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையின் அனல் முகத்தில் அடிக்கும். ஆகவே விடியலிலேயே கிளம்பிவிட வேண்டும்.

குகைக்கு நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கொஞ்சம் குந்து தம்பி, வேர்வ அடங்கட்டும், அப்பறம் உள்ள போ" என்றார். களைப்பைப் பார்த்துச் சொல்கிறார் என்றுதான் முதலில் எண்ணினேன். அவர் கவலை சுவரைப் பற்றியது. வியர்த்த உடம்போடு வருபவர்கள் சாய்ந்துகொள்வதும், மேற்கூரையைத் தொட்டுப் பார்ப்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. வியர்வையின் உப்பும் ஈரமும் சுண்ணப் பூச்சில் ஊறினால், காலப்போக்கில் பூச்சு பொரிந்து வண்ணத்தோடு சேர்ந்து உதிர்ந்துவிடும்.

இயற்கையாக அமைந்த இந்தக் குகையை 8ஆம் நூற்றாண்டில் சமணர்கள் கோயிலாக மாற்றியிருக்கிறார்கள். உள்ளே எழுப்பப்பட்ட சுவர்கள் சுடாத மண்ணாலானவை. இத்தனை காலம் மழை படாமல் அவற்றைக் காத்தது தலைக்கு மேலுள்ள பாறைதான். எண்திசைக் காவலர்களைத் தீட்டிய இவ்வோவியங்களைச் சித்தன்னவாசல் ஓவியங்களோடு ஒப்பிடுவார்கள். சித்தன்னவாசலின் புகழில் நூற்றில் ஒரு பங்குகூட இந்த இடத்துக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

பெரியவர் என்னை ஓரிடத்தில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னார். முதலில் கறையும் புகையும்தான் தெரிந்தன. கண் இருட்டுக்குப் பழகியபின் செங்காவி நிறம் மெல்ல எழும்பி, ஒரு கோடு வளைந்து சென்று, பூச்சு உதிர்ந்த வெள்ளைத் திட்டில் அறுபட்டு நின்றது. நின்று பார்க்காதவருக்கு அங்கே எதுவும் தெரியாது. ஓடுகிற நம்மைப் போன்றவர்கள் கடிகாரத்தை நிறுத்திவிட்டு உட்கார வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

இறக்கம் பற்றி ஒரு சொல்: குதிகாலை ஊன்றினால் சரளை வாரிவிடும். முழங்காலைச் சற்று மடக்கி, அடியைக் குறுக்கி இறங்குங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

மேலே எழுதிய அன்பருக்கு நன்றி. எங்கள் பக்கத்து மலைகளில் ஓடுபவன் என்ற முறையில் கரடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சீத்தாப்பழம் பழுக்கும் பருவத்தில், பொழுது புலரும் நேரத்தில், ஒரு பாறைத் திருப்பத்துக்கு அப்பால் கறுப்பாக ஏதோ அசைவதைக் கண்டு நின்றேன். கரடி முன்னங்காலால் கறையான் புற்றைப் பெயர்த்து, மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. முதுகைக் காட்டாமல் அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கினேன். நடந்து வருபவரின் பேச்சுக்குரலைத் தொலைவிலேயே கேட்டு அது விலகிவிடும். ஓடி வருபவர் சத்தமில்லாமல் சட்டென்று எதிரே போய் நிற்பதால்தான் அது மிரண்டு பாய்கிறது. எனவே தனியாக ஓடாதீர்கள், காதில் பாட்டு வேண்டாம், திருப்பங்களில் குரல் கொடுங்கள்.

பாதை காப்புக்காட்டுக்குள் போகுமானால் வனத்துறையின் அனுமதி கட்டாயம். 2018இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு இதற்கெனத் தனி விதிகளே வந்துவிட்டன. கோடையில் நம் மலைகளில் போதைப்புல் எனப்படும் உயரமான காட்டுப்புல் காய்ந்து கிடக்கும்போது, அனுமதி கிடைத்தாலும் நான் போவதில்லை.

வேலூரிலிருந்து:

ஆர்மாமலைக்குப் போகுமுன் வள்ளிமலையில் பழகலாம். படிகள் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு, பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களும் உண்டு. இரண்டு இடங்களுக்கும் தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். குகைக்குள் கற்பூரம் ஏற்றுபவர்களைக் கண்டால், ஓவியத்தில் கரி படியும் என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னபோது கேட்டுக்கொண்டு வெளியே வந்து ஏற்றினார்கள்.