ஓய்வுக்குப் பின் ஓவியம்: நிலக்காட்சியில் தொடங்குவதா, வீட்டுப் பொருள்களிலா?

காவிரிக்கரை:
வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நீர்வண்ணம் பழகி வருகிறேன். கும்பகோணத்துப் படித்துறைகளை வரைய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் ஆற்றங்கரையில் அமர்ந்தால், வானத்திற்குப் பூசிய நீலம் பரவும் முன்பே காய்ந்து திட்டுத்திட்டாகிவிடுகிறது. அதற்குள் நிழலும் இடம் மாறிவிடுகிறது. முதலில் வீட்டிலேயே பாத்திரம், பழம் என்று வைத்துப் பழகலாமா? அறுபதைக் கடந்து தொடங்குபவருக்கு இது கைகூடுமா என்ற ஐயமும் உண்டு.

ஜன்னலோரம்:
ஐயா, வீட்டிலேயே தொடங்குங்கள். ஒரு பித்தளைச் சொம்பையும் இரண்டு கத்தரிக்காய்களையும் ஜன்னலருகே வைத்து, சில வாரங்களுக்குப் பழுப்பு வண்ணம் ஒன்றை மட்டும் கொண்டு வரையுங்கள். சொம்பின் கழுத்தில் பளிச்சிடும் புள்ளி பூசாமல் விட்ட காகிதம்தான் என்பதும், கத்தரிக்காயின் அடிப்பக்கம் முழுக் கருப்பாக இல்லாமல் மேசையில் பட்டுத் திரும்பும் ஒளியால் சற்று வெளுத்திருக்கிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது என்று மேலைநாட்டு நூல்களில் படித்திருப்பீர்கள். நம் ஊரில் வைகாசி, ஆனி மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால், அப்போது ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிக்கொள்ளுங்கள். வானம் காய்ந்துபோவதற்குக் காகிதமும் காரணமாக இருக்கலாம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதத்தை இருபுறமும் நனைத்துப் பலகையில் விரித்தால் ஈரம் கூடுதல் நேரம் நிற்கும்.

தூரிகை:
வயதைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் கிராண்ட்மா மோசஸைச் சொல்வார்கள். நியூயார்க் மாநிலத்து விவசாயக் குடும்பப் பெண்மணியான அவர், மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் போனபின், எழுபதுகளின் பிற்பகுதியில்தான் ஓவியத்தில் முழுமையாக இறங்கினார். 1961இல் 101 வயதில் மறைவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். ஆனால் அவர் பெரும்பாலும் நினைவிலிருந்து வரைந்தவர். நிழல் நகர்கிறதே என்ற கவலை அவருக்கு இல்லை. உங்கள் சிக்கலுக்கு நெருக்கமானவர் வின்ஸ்டன் சர்ச்சில் (அவருடைய அரசியல் நமக்கு உவப்பானதல்ல என்பது வேறு கதை). 1915இல் கடற்படை அமைச்சர் பதவியை இழந்தபின், 40 வயதில் தூரிகையைத் தொட்ட அவர், நிலக்காட்சிகளோடு பாட்டில்களையும் பூக்களையும் வரைந்தார். அவர் கையாண்டது எண்ணெய் வண்ணம். பிடிக்காத பகுதியைச் சுரண்டிவிட்டு மேலே பூசலாம். அந்த வசதி நீர்வண்ணத்தில் இல்லை.

படித்துறை:
வீட்டுப் பயிற்சி சரிதான், ஆனால் அதற்காக வெளியே செல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பென்சிலும் சிறு நோட்டும் போதும். அமர்ந்தவுடன் நிழலின் எல்லையைக் கோடிட்டு, ஓரத்தில் நேரத்தை எழுதிவிடுங்கள். வெயில் எங்கே நகர்ந்தாலும் அந்தக் கோட்டை மாற்றாதீர்கள். மறுநாள் அதே நேரத்துக்குச் சென்றால் ஏறக்குறைய அதே நிழல் கிடைக்கும். ஆற்றில் தண்ணீர் வேண்டுமென்றால் மேட்டூர் அணை திறந்த பிறகு போக வேண்டும். அதற்கு முன் மணல்தான். வெளிர்மணலில் படிகளின் நிழல் தெளிவாக விழுவதால், தொடக்கத்தில் அதுவே வரைய எளிது.