டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவங்க ஒரே நாள்ல திடீர்னு மோசமானா... எங்க அத்தைக்கு நடந்தது, உங்க வீட்ல நடந்ததையும் சொல்லுங்க

நெல்லை மருமகள்:

எங்க அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரரோட அம்மாவுக்கு, எழுபத்தெட்டு வயசு. அல்சைமர்ங்கற மறதி நோய்னு தெரிஞ்சு சில வருஷம் ஆச்சு, பாளையங்கோட்டைல எங்க கூடத்தான் இருக்காங்க. சாப்பிட்டதை மறந்துட்டு திரும்ப கேக்கறது, சாயங்காலம் ஆனா போதும் "வீட்டுக்குப் போணும்ளா, இருட்டிருச்சுன்னா அப்பா ஏசுவாவ"ன்னு பைய எடுத்துட்டு வாசல்ல நிக்கறது, இதெல்லாம் எங்களுக்கு பழகிப் போச்சு. சரி அத்தை, காப்பி குடிச்சிட்டு போலாம்னு சொன்னா உக்காந்துடுவாங்க.

போன ஐப்பசி மழை சமயம், முந்தின நாள் வரைக்கும் நல்லா தோசை சாப்பிட்டவங்க மறுநாள் காலைல என்ன யாருன்னே தெரியாத மாதிரி பாக்குறாங்க, மூலைல சின்னப் புள்ளைங்க உக்காந்திருக்குன்னு கை காட்றாங்க, சேலை முந்தானையை விடாம பிச்சுக்கிட்டே இருக்காங்க, பகல் பூரா தூக்கம், ராத்திரி பூரா சத்தம். காய்ச்சல் கிடையாது. சொந்தக்காரங்க எல்லாரும் முத்திப்போச்சு, இனிமே இப்படித்தான்னு சொல்லிட்டாங்க, ஒருத்தர் கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. பக்கத்துல ஒரு கிளினிக்ல தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, அது போட்டதும் நடக்கவே முடியாம தள்ளாட ஆரம்பிச்சுட்டாங்க.

வழக்கமா பாக்குற நியூராலஜி டாக்டர்கிட்ட போனப்போ அவர் கேட்ட முதல் கேள்வியே எப்ப இருந்துன்னுதான். முந்தாநாள்ல இருந்துன்னு சொன்னோம். "மறதி நோய் மாசக்கணக்குல வருஷக்கணக்குலதான்மா இறங்கும், ஒரே நாள்ல இப்படி ஆனா உடம்புல வேற என்னமோ இருக்கு, அதைத் தேடணும்"னாரு. இப்படி திடீர்னு வர்ற குழப்பத்துக்கு டெலிரியம்னு பேரு. வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு, தண்ணி எவ்வளவு குடிக்கறாங்க, புதுசா ஏதாவது மாத்திரையா, எங்கயாவது விழுந்தாங்களான்னு வரிசையா கேட்டாரு. சுகர், சோடியம், யூரின்ல கிருமி இருக்கான்னு பாக்கற யூரின் கல்ச்சர் எல்லாம் எடுத்தாங்க. யூரின் இன்ஃபெக்‌ஷன்! வயசானவங்களுக்கு காய்ச்சல், எரிச்சல் எதுவுமே இல்லாம குழப்பம் மட்டுமே அறிகுறியா வரலாமாம். எரிஞ்சாலும் அதைச் சொல்லத் தெரியாதே நம்ம ஆளுங்களுக்கு. ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்ச உடனே சரியாகல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் தெளிஞ்சாங்க, ஒருநாள் காலைல "உனக்கு சாப்பாடு ஆச்சாளா"ன்னு கேட்டாங்க பாருங்க, அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு.

இதை எழுதறதே அதுக்குத்தான். முத்திப்போச்சுன்னு விட்டிருந்தா அத்தை படுக்கையிலயே கிடந்திருப்பாங்க. திடீர்னு மாறினா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. கத்தி கலாட்டா பண்ணினாத்தான் டெலிரியம்னு இல்ல, எப்பவும் இல்லாத மாதிரி அசந்து தூங்கிட்டே இருந்தாலும் அதுவும் டெலிரியமா இருக்கலாம், அதைத்தான் யாரும் கவனிக்கறதில்ல.

ஈரோட்டுக்காரன்:

ரொம்ப முக்கியமான விஷயம் சொல்லிருக்கீங்க அக்கா. எங்க அப்பாவுக்கு வேற மாதிரி ஆச்சுங்க. பாத்ரூம்ல லேசா வழுக்கி விழுந்தாரு, தலைல வீக்கம்கூட இல்ல, எழுந்து காப்பி குடிச்சாருங்க. சில வாரம் கழிச்சு ஒரு கால் இழுக்க ஆரம்பிச்சுது, பேச்சு குறைஞ்சுபோச்சு, எப்பப் பாரு தூக்கம். ஏற்கனவே மறதி இருக்கறதால அதோட சேர்த்துத்தான் எல்லாரும் பேசினாங்க. சிடி ஸ்கேன் எடுத்தா மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவுல ரத்தம் கசிஞ்சு தேங்கி இருக்குதுங்க. ஹார்ட்டுக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவரு, அந்த மாதிரி ஆளுங்க சின்னதா விழுந்தாலும் விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. சின்ன ஓட்டை போட்டு அந்த ரத்தத்த எடுத்துட்டாங்க, மறுபடி நடக்கறாருங்க. மறதி மறதிதான், ஆனா பேரனை பேர் சொல்லி கூப்பிடறாரு, எங்களுக்கு அது போதும்.

மயிலாப்பூர் பொண்ணு:

எங்க அம்மாவுக்கு சளி பிடிச்சுதுன்னு கடைல அவில் வாங்கி குடுத்தாங்க, அன்னிக்கு ராத்திரியே செவுத்த பாத்து பேச ஆரம்பிச்சுட்டா. அந்த மாதிரி பழைய அலர்ஜி மாத்திரைகள் மறதி உள்ளவங்களுக்கு குழப்பத்த கூட்டும்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னார். இப்ப எந்த மாத்திரையா இருந்தாலும், சளி மாத்திரையே ஆனாலும், கேக்காம குடுக்கறதில்ல.

இன்னொண்ணு சொல்லணும், அம்மா வீட்ல பண்றதெல்லாம் டாக்டர் முன்னாடி பண்ணவே மாட்டா. "நன்னா இருக்கேன் சார், நீங்க சௌக்கியமா"ன்னு அப்படி தெளிவா பேசுவா, நம்ம சொல்றத யார் நம்புவா? அதனால அவ குழம்பி இருக்கறப்போ போன்ல சின்னதா வீடியோ எடுத்து வச்சுண்டு டாக்டர்கிட்ட மட்டும் காட்டறேன், வேற யாருக்கும் அனுப்பறதில்ல. சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துண்டு போயிடுவேன். சென்னைல இருக்கறவாளுக்கு ஸ்கார்ஃப்ங்கற மனநல அமைப்போட டெம்கேர்ஸ் இருக்கு, டிமென்ஷியாவுக்குன்னே பாக்கறா. பாத்துக்கற நமக்கே மனசு தாங்கலைன்னா 14416, அது டெலிமானஸ்ங்கற அரசு மனநல ஹெல்ப்லைன் நம்பர், தமிழ்ல பேசலாம். முதியோருக்கான ஹெல்ப்லைன் 14567.

நெல்லை அக்கா, ஒரு சந்தேகம். அம்மாவுக்கு இப்ப யூரின் கல்ச்சர் கேட்டிருக்கா, ஆனா பாத்ரூம்ல யாரையும் கிட்டயே விடமாட்டேங்கறா. நீங்க எப்படி சாம்பிள் எடுத்தேள்?

நெல்லை மருமகள்:

எங்களுக்கும் அதான் பெரிய போராட்டம் மா. டெஸ்ட்டுக்குன்னு சொன்னாலே அத்தை கால இறுக்கிக்குவாங்க. காலைல எந்திரிச்சதும் கூடவே போயி, குளிக்கலாம் அத்தைன்னு சொல்லி வெதுவெதுன்னு தண்ணி விட்டு கழுவி விட்டேன். ஆம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது, கதவ லேசா சாத்திட்டேன். பைப்ப சன்னமா தொறந்து விட்டு வாளில தண்ணி விழற சத்தம் கேட்டதும் அவங்களுக்கு தானா வந்துருச்சு. முதல்ல கொஞ்சம் போகவிட்டு நடுவுல டப்பாவ பிடிக்கணும். டப்பா உள்பக்கம் கை படக்கூடாது, பெட்பேன்ல இருந்து ஊத்தி எடுத்தா ரிசல்ட் தப்பா வரும்னாங்க. முடியலைன்னா லேப்ல சொல்லுங்க, நர்ஸ் டியூப் வச்சு எடுப்பாங்க. ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, இல்லன்னா கிருமி தெரியாம போயிடும். யூரின்ல கிருமி இருக்குன்னாலே இன்ஃபெக்‌ஷன்னு அர்த்தம் இல்லையாம், அதனால நாமளா மாத்திரை வாங்கிக் குடுத்துடக் கூடாது, மத்த காரணத்தையும் சேர்த்துப் பாக்கச் சொல்லுங்க. உடனே லேப்ல குடுத்துடுங்க, லேட்டாகும்னா ஃப்ரிட்ஜ்ல வையுங்க. ரிசல்ட் வந்ததும் இங்க வந்து சொல்லுங்க மா.