நோய் ஆய்வுக்காகக் காட்டு விலங்குகளிடம் மாதிரி எடுத்தவர்கள், மறக்க முடியாத ஒன்றை எழுதுங்கள்

ஓடைக்கரை:
செத்துக் கிடந்த பெண் யானை. வாயிலும் பின்புறமும் கறுத்த ரத்தம், உறையவே இல்லை. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) சந்தேகம் என்றால் உடலை அறுக்கக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் காதைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் காது நரம்பில் ஊசி குத்தி ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்தார். நிமிர்ந்தால், வால் பக்கம் ஒரு பையன். பன்னிரண்டு வயது இருக்கும். கையில் யானை முடி. மோதிரத்துக்காம். சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் மூங்கில் கணு போல நீலக் கம்பிகள், சுற்றி இளஞ்சிவப்பு உறை. அடைப்பான் கிருமிதான். எனக்கு அந்தச் சின்னக் கைதான் தெரிந்தது. யானையைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

பெருச்சாளிப்பொறி:
எனக்கு எலிக்காய்ச்சல் ஆய்வு. கருவாடு வைத்த பொறியைத் தூக்கும்போது பெருச்சாளி மூத்திரம் விட்டது. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே, முள் கீறிய இடத்தில் பட்டது. சோப்புப் போட்டுக் கழுவினேன், டாக்சிசைக்ளின் மாத்திரை போட்டேன். அப்புறம் அதன் சிறுநீரகத்தை எடுத்துப் பார்த்தால் பளபளவென்று இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. கிருமி அங்கேதான் குடியிருக்கும், எலிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு வாரம் ராத்திரி படுத்தால் கெண்டைக்காலை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், வலிக்கிறதா என்று. காய்ச்சல் வரவில்லை. அமுக்குகிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

தும்பிக்கை:
ஓடைக்கரை, சுண்ணாம்பு ஏன் போட்டீர்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எரிப்பதைத்தான் முதலில் சொல்கிறது. சுண்ணாம்பில் இருக்கும் கால்சியம், கிருமியின் ஸ்போர்களை, அதாவது உறங்கும் வித்துகளை, காப்பாற்றிவிடலாம் என்ற கவலை அதில் உண்டு. மண்ணில் அவை பல பத்தாண்டுகள் கிடக்கும். அந்த ஓடையில் ஆடு மாடு தண்ணீர் குடிக்காதா? குழி இருக்கும் இடத்தை வேலி போட்டு அடையுங்கள், சுற்றுவட்டார மாடுகளுக்கு வருஷா வருஷம் தடுப்பூசி போடச் சொல்லுங்கள், மேய்ப்பவர்களிடம் நேரில் போய்ப் பேசுங்கள். நோட்டீஸ் ஒட்டினால் போதாது.
என் கதை சின்னது. வளர்ப்பு யானைக்குக் காசநோய்ப் பரிசோதனை. தும்பிக்கைக்குள் சலைன் ஊற்றி, தூக்க வைத்து, பையில் ஊதச் சொல்லிப் பிடிப்போம். மூன்று நாள் மூன்று மாதிரி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர எட்டு வாரம் ஆகும். பாகனும் இருமினார், அவர் சளியையும் கேட்டு வாங்கினோம். இரண்டிலும் இருந்தது. "நான்தான் கொடுத்துட்டனா சார்?" என்று கேட்டார். யாரிடமிருந்து யாருக்கு என்று அந்தச் சோதனையில் தெரியாது. அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஓடைக்கரை:
எரிக்க அன்று விறகு இல்லை, மழை. யானையை எரிக்க எத்தனை டன் விறகு வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். வேலி போட்டாயிற்று.

பெருச்சாளிப்பொறி:
அண்ணா, அந்தப் பையன்?

ஓடைக்கரை:
அன்று ராத்திரியே வீட்டுக்குப் போனோம். கையைக் கழுவ வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். வலிக்காத கறுத்த புண் வருகிறதா என்று அவன் அம்மா தினமும் விரல்களைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஆனால் அவன் பிடுங்கியது ஐந்து முடி. எங்களிடம் தந்தது நான்கு.